நிஜம் போன்ற டிஜிட்டல் உருவப்படம்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் டிஜிட்டல் உருவப்படம் வரைகிறேன், கற்க வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். படம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் முகத்தைக் கேட்டு வருவார்கள்: அறுபதாம் கல்யாணத்துக்கு, படைப்பு வீட்டுக்கு (முன்னோருக்குப் படையல் வைக்கும் வீடு), முகப்பில் மாட்ட. கற்க வருகிறவர்களுக்கு வேறு கவலை: கண் சரியாக வரவில்லை, தோல் பிளாஸ்டிக் போல இருக்கிறது, ஜாடை வரவில்லை. இரண்டு தரப்பும் கேட்பவை சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"கம்ப்யூட்டர்ல வரையிறதுன்னா போட்டோவுக்கு ஃபில்டர் போட்டுத் தர்றதுதானே?"

இல்லை. ஃபில்டர், இருக்கிற போட்டோவை மாற்றித் தரும். ஓவியம் வெற்றுத் திரையில் தொடங்குகிறது. எங்கே வெளிச்சம், எங்கே நிழல், எந்த ஓரத்தைக் கூர்மையாக விடுவது, எதை வரையாமலே விடுவது என்று ஒவ்வொரு தீற்றலிலும் வரைகிறவர் முடிவெடுக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் வரைபவர் எடுக்கும் முடிவுகளும் இவையே. சாயமும் துணியும் மட்டும்தான் மாறியிருக்கின்றன.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வரைந்தவரிடம் வரைந்த பதிவைக் கேளுங்கள். ப்ரோக்ரியேட் போன்ற செயலிகள் வேலை நடக்கும்போதே அதை வீடியோவாகச் சேர்த்துக்கொண்டே போகும். க்ரிட்டாவிலும் அந்த வசதி உண்டு. கேட்பதில் சங்கடப்பட வேண்டாம்.

"ஐபேட் வாங்கினாத்தான் முடியுமா? என்கிட்ட பழைய லேப்டாப்தான் இருக்கு."

லேப்டாப் போதும். அதனோடு அழுத்தம் உணரும் ஒரு பேனா பலகை வேண்டும். திரை இல்லாத பலகையே விலை குறைவு. வாகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் என்று பல இருக்கின்றன. 8192 அழுத்த நிலை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள்; அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், தொடங்குகிறவருக்கு அதில் பாதி இருந்தாலும் தாராளம். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்பது முதலில் தடுமாறும். நாள்தோறும் பழகினால் சரியாகிவிடும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. க்ரிட்டா இலவசம், ஓவியத்துக்கென்றே செய்தது. ப்ரோக்ரியேட் ஐபேடில் மட்டும், ஒருமுறை பணம் கட்டினால் போதும். போட்டோஷாப்புக்குச் சந்தா. இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லாவற்றையும் க்ரிட்டாவிலேயே செய்யலாம்.

"எந்த பிரஷ் பேக் யூஸ் பண்றீங்க? அதை அனுப்புங்களேன்."

அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. மென்பொருளோடு வரும் கெட்டி ஓர வட்ட பிரஷ் ஒன்று, அதன் மென்மையான தம்பி ஒன்று, கொஞ்சம் சொரசொரப்பானது ஒன்று. முகத்தின் பெரும்பகுதி முதல் பிரஷ்ஷில் முடிந்துவிடும். துளை வரையும் பிரஷ், இமை வரையும் பிரஷ் என்று சேகரிப்பவர்கள் பலர், வெளிச்சத்தைப் பார்க்கக் கற்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

"பென்சில்லயே எனக்கு முகம் வராது. நேரா டிஜிட்டல்ல ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பிக்கலாம். ஆனால் திரை எதையும் சுலபமாக்காது. தவறை அழிப்பதை மட்டும் சுலபமாக்கும். முகத்தின் அடிப்படை அளவுகளை எப்படியும் மனதில் ஏற்ற வேண்டும்: தலையின் உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண்கள் இருக்கும், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறத்தாழ இன்னொரு கண்ணின் அகலம் இருக்கும், காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் உட்காரும். புதியவர்கள் அநேகமாக எல்லோரும் கண்களை மிக மேலே வைத்துவிடுவார்கள், நெற்றி குறுகிவிடும். இந்த அளவுகள் சராசரிதான். உங்கள் அப்பத்தாவின் முகம் அந்தச் சராசரியிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கேதான் அவர் இருக்கிறார்.

"வீட்டுல மாட்டியிருக்கிற பழைய படங்களைப் பார்த்துக் கத்துக்கலாமா?"

தாராளமாக. இந்த ஊர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஒரே வீட்டில் தஞ்சாவூர் ஓவியம், ரவிவர்மா அச்சுப்படம், ஸ்டுடியோவில் எடுத்த பெரிய போட்டோ மூன்றும் இருக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் முகத்துக்கு ஒரு திசையிலிருந்து வரும் வெளிச்சம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. உருவம் கோட்டாலும் பொன்னாலும் நிற்கும். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி வெளியிட்ட படங்களில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும், மூக்குக்கு நிழல் இருக்கும், கழுத்து உருண்டு தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே "நிஜம் போல" என்பது எதிலிருந்து வருகிறது என்று புரிந்துவிடும்.

நம் காலத்தில் ஓவியர் இளையராஜாவைப் பாருங்கள். 2021-ல் காலமானார். கதவோரத்திலும் சன்னலோரத்திலும் நிற்கும் கிராமத்துப் பெண்கள் மேல் விழும் வெளிச்சத்தை அவ்வளவு பொறுமையாக வரைந்தவர். கறுத்த, மாநிறத் தோலில் வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

"போட்டோ எப்படி எடுத்து அனுப்பணும்? செல்போன்ல எடுத்தா போதுமா?"

செல்போன் போதும். இடம்தான் முக்கியம். வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம், உள்ள வீடு என்றால் வேறு எங்கும் போக வேண்டாம். வளவைச் சுற்றியுள்ள பத்தியில், தூண் வரிசைக்குச் சற்று உள்ளே நாற்காலி போட்டு உட்காரவைத்து, முகம் முக்கால்வாசி வளவுப் பக்கம் திரும்பியிருக்கும்படி செய்யுங்கள். திறந்த வானத்து வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மென்மையாக வரும், மறுபக்கம் பத்தியின் இருட்டு நிழலைக் கொடுக்கும். ஸ்டுடியோக்காரர்கள் விளக்கும் குடையும் வைத்து உண்டாக்கும் வெளிச்சம் நம் வீடுகளில் சும்மாவே இருக்கிறது. காலை எட்டு, ஒன்பது மணியோ சாயங்காலம் நாலு மணியோ நல்ல நேரம். உச்சி வெயிலில் வளவின் நடுவில் நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துப் போகும்.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் குழம்பும். போனில் முகத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அப்புறம், கிட்டே போய் எடுக்காதீர்கள். ஓரடி தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில், கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கும்படி எடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரை எடுத்தால் தாடையின் அடியைக் கவனியுங்கள். சிவப்புக் கல் என்றால் தாடைக்குக் கீழே, கழுத்து நிழலுக்குள், ஒரு மங்கலான செம்மை ஏறியிருக்கும். தரையில் பட்ட வெளிச்சம் மேலே திரும்பி வருவதால் வரும் நிறம் அது. வரையும்போது அதைக் கறுப்பால் மூடிவிட்டால் அவர் எங்கோ அந்தரத்தில் இருப்பது போல ஆகிவிடும்; வைத்துவிட்டால் அவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

"போட்டோ மேலயே வச்சு ட்ரேஸ் எடுக்குறது தப்பா?"

தப்பில்லை. வெளிக்கோட்டை ட்ரேஸ் எடுத்து நேரம் மிச்சப்படுத்தும் தொழில்முறை ஓவியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கற்கும் காலத்தில் அதையே பிடித்துக்கொண்டால் கண் வளராது. கோடு எங்கே போகிறது என்று மட்டும் தெரியும், ஏன் போகிறது என்று தெரியாது. வேலைக்கு ட்ரேஸ், பயிற்சிக்குக் கண்பார்வை என்று பிரித்துக்கொள்ளச் சொல்வேன். கண்ணால் அளந்து வரைந்துவிட்டு, பிறகு போட்டோவை மேலே வைத்து எங்கே விலகியது என்று பார்ப்பது மிக நல்ல பயிற்சி.

"எல்லா உறுப்பும் சரியா இருக்கு, ஆனா ஆளு ஜாடை வரலையே?"

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஜாடை என்பது கண், மூக்கு, வாயில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அவற்றுக்கு இடையில் உள்ள தூரங்களிலும், தலையின் மொத்த உருவத்திலும், பெரிய நிழல்களின் வடிவத்திலும்தான் இருக்கிறது. தெரு முனையில் வருகிறவரை, முகம் தெளிவாகத் தெரியும் முன்பே, "நம்ம சித்தப்பா வர்றாரு" என்று சொல்லிவிடுகிறோமே. அந்தத் தூரத்தில் இமை தெரியாது. மண்டையின் வடிவம், கழுத்து தோளில் இறங்கும் சாய்வு, கண்குழியின் இருட்டு இவ்வளவுதான் தெரியும்.

அதனால் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினால் அவராகத் தெரிகிறாரா? தெரியவில்லையென்றால் இமையும் சுருக்கமும் சேர்த்துப் பயனில்லை, பெரிய வடிவத்துக்குத் திரும்பிப் போங்கள். கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல்கள் சட்டென்று தெரியும். போட்டோவையும் சேர்த்துத் திருப்பி ஒப்பிடுங்கள். ஏனென்றால் நிஜ முகத்திலும் கோணல் உண்டு. ஒரு புருவம் மேலே, உதட்டின் ஒரு ஓரம் கீழே என்று இருப்பதை அழகுக்காக நேராக்கினால் ஜாடை அங்கேயே போய்விடும்.

"கறுப்பு வெள்ளையில வரைஞ்சு மேல கலர் போடணுமா, நேரா கலர்லயே போகலாமா?"

இரண்டும் சரி. தொடக்கத்தில் சாம்பல் நிறத்தில் பழகச் சொல்வேன், ஏனென்றால் நிஜம் போன்ற தோற்றத்தில் பெரும்பங்கு டோனுக்கு, அதாவது எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்பதற்குத்தான். டோன் சரியாக இருந்தால் நீல நிறத்தில் வரைந்த முகமும் முகமாகவே நிற்கும்.

ஆனால் சாம்பல் படத்தின் மேல் ஒரு கலர் லேயரை (கண்ணாடித் தாள் போல மேலே வைக்கும் அடுக்கு) பூசினால் தோல் செத்துப்போனது போல இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே நிறம், வெளிச்சம் மட்டும் கூடிக் குறைவதுதான் காரணம். கலர் பூசிய பிறகு சாதாரண லேயரில் மறுபடி முழு முகத்தையும் வரைய வேண்டும். அதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் நேராகக் கலரிலேயே போய்விடுங்கள், இடையிடையே ஒரு லேயரால் படத்தைச் சாம்பலாக்கி டோனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"மாநிறத்துக்கு எந்த கலர்? கோடு நம்பர் இருந்தா சொல்லுங்க."

நம்பர் கிடையாது. இருந்தாலும் கொடுக்க மாட்டேன். ஒரே கன்னத்தில் வெளிச்சம் படும் இடம், திரும்பும் இடம், நிழல் என்று மூன்றும் வெவ்வேறு நிறம். போட்டோவில் ஸ்பாய்ட் (தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் கருவி) வைத்து எடுத்துப் பாருங்கள், நீங்கள் பழுப்பு என்று நினைத்த இடத்தில் சாம்பலும் ஊதாவும் வரும்.

வளவு வெளிச்சத்தில் மாநிறத் தோலை நான் பார்க்கும் முறை இது. நெற்றியிலும் கன்னமேட்டிலும் பளபளப்பு விழும் இடத்தில் வானத்தின் நீலம் கொஞ்சம் கலந்திருக்கும், ஆகவே அங்கே மஞ்சளையோ வெள்ளையையோ வைக்காமல் குளிர்ந்த சாம்பல் சாயல் வைப்பேன். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் விளிம்பில்தான் நிறம் மிகவும் அடர்ந்து, செம்பழுப்பாக இருக்கும். நிழலுக்குள் கறுப்பு கூடாது. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் திரும்பி வரும் நிறம் அங்கே இருக்கும். மூக்கு நுனி, காது, கன்னம் இவற்றில் இரத்த ஓட்டத்தின் சிவப்பு கூடும். சவரம் செய்த ஆண்களுக்குத் தாடைப் பக்கம் சாம்பல் படியும். கண்ணைச் சுற்றி ஊதா கலந்த பழுப்பு. பின்னாலிருந்து வெயில் பட்டால் காது மடல் செக்கச் செவேலென்று ஒளிரும், அது வெளிச்சம் தோலுக்குள் புகுந்து வருவதால்.

திருநீறு பூசிய நெற்றி என்றால் வெள்ளைக் கோடு மூன்று போட்டுவிடாதீர்கள். திருநீறு காய்ந்ததும் தோல் இடையிடையே தெரியும், நெற்றிச் சுருக்கம் ஓடும் இடத்தில் மெல்லிய விரிசலாகப் பிரியும், விரல் எடுத்த முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் பிசிறாகவும் இருக்கும். நிழல் பக்கம் போகும்போது அதுவும் சாம்பலாகிவிடும். முகத்தின் உருண்டையை மூன்று கோடும் சேர்ந்து வளைந்து காட்டும். வரைய எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

"கொஞ்சம் கலரா போட்டுடுங்க. ஆச்சி அவ்வளவு கறுப்பு இல்லை."

அன்போடு கேட்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் தோலை வெளுக்க மாட்டேன். வெளுத்ததும் ஜாடை நழுவிவிடும் என்பது ஒரு காரணம். நிழலுக்கும் தோலுக்கும் இருந்த உறவு குலைந்து முகம் சப்பையாகிவிடும். இன்னொரு காரணம், பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆச்சியை அறியப்போகிறார்கள். அவர் நிறத்தில் மறைக்க என்ன இருக்கிறது?

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல நேரம் போட்டோதான் இருட்டாக எடுக்கப்பட்டிருக்கும். அப்போது முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தைக் கூட்டி வரைகிறேன், தோல் தோலாகவே இருக்கும். அதைப் பார்த்ததும் கேட்டவர்கள் பெரும்பாலும் திருப்தியாகிவிடுகிறார்கள். பழைய கறுப்பு வெள்ளை போட்டோ என்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது, ரங்கூன் போட்டோ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"எவ்வளவு வரைஞ்சாலும் மெழுகு பொம்மை மாதிரி வழுவழுன்னு இருக்கு. ஏன்?"

மென்மையான பிரஷ்ஷை எல்லா இடத்திலும் தேய்ப்பதால். முகத்தில் ஓரங்கள் ஒரே மாதிரி இல்லை. மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் இடம் கூர்மை, கன்னம் உருண்டு திரும்பும் இடம் மென்மை, கறுத்த முடி இருண்ட பின்னணியோடு சேரும் இடத்தில் ஓரமே இல்லை. மூன்றும் ஒரு முகத்தில் இருந்தால்தான் கண் நம்பும். கெட்டி பிரஷ்ஷில் டோன்களைப் பக்கம் பக்கமாக வைத்து, தேவையான இடத்தில் மட்டும் இணையுங்கள்.

தோல் துளை பற்றியும் கேட்கிறார்கள். முகம் முழுக்கத் துளை வரைய வேண்டாம். பளபளப்பு முடிந்து சாதாரணத் தோல் தொடங்கும் எல்லையில் கொஞ்சம் சொரசொரப்புப் போதும், மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

"கண்ணுல உயிர் இல்லை."

வெள்ளை விழியை வெள்ளையாக வரைந்திருப்பீர்கள். அது ஒரு உருண்டை. மேலிமை அதன் மேல் நிழல் போடும், ஓரங்களில் சாம்பலும் இளஞ்சிவப்பும் இருக்கும், வயதானவர்களுக்கு மஞ்சள் படியும். மேலிமையின் நிழலை வைத்த உடனே கண் குழிக்குள் போய் உட்காரும்.

கண்மணியில் வெளிச்சப் புள்ளி ஒன்று வைக்கிறோமே, அது உண்மையில் எதிரில் உள்ள வெளிச்சத்தின் பிரதிபலிப்பு. வளவுப் பத்தியில் உட்கார்ந்தவருக்கு அது வட்டப் புள்ளியாக இருக்காது. வானத்தின் சதுரத் துண்டாக, சில நேரம் நடுவில் ஒரு தூணின் இருண்ட கோட்டோடு, கண்மணியின் மேற்பகுதியில் இருக்கும். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இமைமுடியைக் கடைசியில் வையுங்கள், எண்ணிக்கையில் குறைவாக.

"முடியை ஒண்ணு ஒண்ணா வரையணுமா?"

வேண்டாம். திரளாகப் பாருங்கள்: ஒரு இருண்ட திரள், அதில் வெளிச்சப் பட்டை, நெற்றியோரத்தில் மென்மையாகத் தோலோடு கலக்கும் எல்லை. அதன் பிறகு வெளியே பறக்கும் சில இழைகள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைக்கு வெளிச்சப் பட்டை கூர்மையாகவும் பிரகாசமாகவும் இருக்கும். நரைத்த மீசைக்கு முதலில் இருட்டை வைத்து, மேலே வெள்ளை இழைகளைப் போடுங்கள்.

"வைரத்தோடும் கழுத்தூருவும் அப்படியே வரணும். எப்படி வரையிறது?"

தங்கத்துக்கு மஞ்சள் நிறத்தை எடுத்தாலே தோற்றுவிடுவோம். தங்கம் சுற்றியிருப்பதைப் பிரதிபலிக்கும் உலோகம். அதில் பாதிக்கு மேல் அடர்ந்த பழுப்பு இருக்கும், கொஞ்சம் மஞ்சள், மிகக் கொஞ்சமான இடத்தில் வெள்ளைக்கு நெருங்கிய ஒளி. சேலை சிவப்பு என்றால் தங்கத்தின் அடிப்பக்கத்தில் சிவப்பு வரும். இருட்டுக்கும் ஒளிக்கும் நடுவே தாவல் சட்டென்று இருக்க வேண்டும், தேய்த்து இணைத்தால் பித்தளைப் பாத்திரம் போல மழுங்கிவிடும். வைரம் இதற்கும் ஒரு படி மேலே. ஒரு கல்லுக்குள் கறுப்பு, சாம்பல், வெள்ளை முக்கோணச் சில்லுகள் நெருக்கமாக இருக்கும். ஒன்றிரண்டு சில்லில் மட்டும் நீலமோ ஆரஞ்சோ தெறிக்கும். தோட்டின் ஒவ்வொரு கல்லிலும் ஒரே மாதிரி புள்ளி வைத்தால் கண்ணாடிக் கல்லாகிவிடும்.

செட்டிநாட்டுத் திருமணத் தாலி மாலையான கழுத்தூருவைப் பொறுத்தவரை கலையைவிடக் கணக்குத்தான் முதலில். உருக்கள் எத்தனை, எந்த வரிசை, எது நடுவில் என்று வீட்டுப் பெண்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். ஒன்று குறைந்தாலும் அது அவர்கள் வீட்டுக் கழுத்தூரு இல்லை. நகை பெட்டகத்திலிருந்து வெளியே வரும் நாளில், முகத்தை எடுத்த அதே வெளிச்சத்தில் தனியாகக் கிட்டத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் போட்டபடி ஒன்று, துணியில் பரப்பி ஒன்று.

"கண்டாங்கிச் சேலைக் கட்டம் சரியா வரமாட்டேங்குது."

கட்டத்தைத் தனி லேயரில் தட்டையாகப் போட்டு ஒட்டினால் வராது. முதலில் துணியின் மடிப்பை நிழலும் வெளிச்சமுமாக முடித்துவிடுங்கள், பிறகு ஒவ்வொரு கோட்டையும் அந்த மடிப்பின் மேல் ஏற்றி இறக்குங்கள். மடிப்புக்குள் போகும் கோடு மறைந்து, சற்றுத் தள்ளி வெளியே வரும். காரைக்குடிக் கண்டாங்கி 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பருத்திச் சேலை என்பதால் பட்டின் மினுமினுப்பை அதில் வைக்கக் கூடாது.

"எங்க ஐயா ரங்கூன்ல எடுத்த ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அதை வச்சுக் கலர்ல வரைய முடியுமா?"

முடியும், ஆனால் அந்தப் போட்டோவை அப்படியே நம்பக் கூடாது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெடுநாள் புழங்கிய தகடுகளும் பிலிம்களும் சிவப்பு நிறத்தை உணராதவை. நீலத்தையும் பச்சையையும் மட்டும் உணரும். எனவே சிவப்பு கலந்த எதுவும் போட்டோவில் கறுத்துவிடும். குங்குமப் பொட்டு கறுப்பாக இருக்கும், உதடு கறுத்திருக்கும், மாநிறத் தோல் இருந்ததைவிட ஒரு படி இருட்டாக விழும், தோலில் உள்ள சிவந்த தழும்புகள் எடுப்பாகத் தெரியும். 1930-களில் எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பரவிய பிறகுதான் இது மாறியது. ஆகவே பழைய போட்டோவின் சாம்பலை அப்படியே தோலின் இருட்டாக எடுத்துக்கொள்ளாமல், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளின் தோலைப் பார்த்து முடிவு செய்வேன். வெளுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

இன்னொன்று, ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் பென்சிலால் தொட்டுச் சுருக்கங்களை எடுத்துவிடுவது வழக்கம். ஐயாவின் நெற்றி அவ்வளவு வழவழப்பாக இருந்திருக்காது. மேல்துண்டின் கரை நிறத்தையும் சேலையின் நிறத்தையும் சாம்பலிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள், பெட்டியில் அந்தத் துணியே இருந்தாலும் இருக்கும். போட்டோவை போனில் எடுத்து அனுப்பாமல் ஸ்கேனரில் 600 பிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்) எடுங்கள். சட்டத்துக் கண்ணாடியில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

"ஏஐ-ல போட்டா ஒரு நிமிஷத்துல தெளிவாக்கிக் கொடுக்குதே, அதை வச்சு வரையலாமே?"

கீறல், தூசி எடுப்பதற்கு அந்தக் கருவிகள் உதவும். முகத்தைத் தெளிவாக்கும்போதுதான் ஆபத்து. மங்கிய போட்டோவில் இல்லாத தகவலை அது எங்கிருந்தும் மீட்டு எடுக்கவில்லை; கற்றுக்கொண்ட எண்ணற்ற முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. ஐயாவின் ஒரு பக்கம் சரிந்த இமை, காது மடலின் வெட்டு, மச்சம் எல்லாம் சுத்தமாகி, அழகான, யாரோ ஒருவரின் முகம் வரும். அவரை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் "இது ஐயா இல்லை" என்பார்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லாத வீட்டில் அந்த யாரோ ஒருவர்தான் இனி ஐயா. எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

மங்கலாக இருக்கும் இடத்தை ஓவியத்தில் மங்கலாகவே விடலாம். நிழலுக்குள் தள்ளலாம், ஓரத்தைக் கரைக்கலாம். தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டாமல் முழுமையாக முடிப்பதற்கு ஓவியத்தில் இடம் இருக்கிறது.

"அப்பச்சி படம் தனியா இருக்கு, ஆத்தா படம் தனியா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த மாதிரி வேணும்."

இருப்பதிலேயே கடினமானது இது. இரண்டு போட்டோவிலும் வெளிச்சம் வெவ்வேறு திசையில் இருக்கும். நல்ல போட்டோ எதுவோ அதன் வெளிச்சத்தை எஜமானாக வைத்து, மற்றவரின் முகத்தை அந்த வெளிச்சத்தில் புதிதாக வரைய வேண்டும். இதற்கு மண்டையின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும், பார்த்து வரையும் திறமை மட்டும் போதாது.

வெளிச்சத்தைப் பொருத்துவதற்காக ஒரு போட்டோவை இடவலமாகத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போகும், மூக்குத்தி பக்கம் மாறும், சட்டைப் பொத்தான் மாறும், ஜாடை பற்றிச் சொன்ன இடத்தில் பார்த்தோமே, அந்தக் கோணல்களும் மாறும். திருப்பக் கூடாது. கண் உயரம் இருவருக்கும் ஒரே கேமராவிலிருந்து பார்த்தது போல இருக்க வேண்டும். தோளும் தோளும் நெருங்கும் இடத்தில் ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் விழ வேண்டும், ஒருவர் சேலையின் நிறம் மற்றவர் சட்டை ஓரத்தில் லேசாக ஏற வேண்டும். அது இல்லாவிட்டால் ஒட்டுப்படம்தான். வயதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அப்பச்சிக்கு நாற்பதும் ஆத்தாவுக்கு எழுபத்தைந்துமாக உட்கார்ந்திருப்பதைச் சிலர் அப்படியே வேண்டும் என்பார்கள், "எங்களுக்கு ஞாபகம் அப்படித்தான்" என்று. அது அவர்கள் உரிமை.

"திரையில நல்லா இருந்துச்சு, பிரிண்ட் கறுப்பா வந்துடுச்சு."

திரை தானே ஒளிர்கிறது, தாள் தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்து வரைந்தால் பிரிண்ட் கண்டிப்பாக இருண்டுதான் வரும். பிரகாசத்தைப் பாதிக்குப் பக்கமாகக் குறைத்து வரையுங்கள். முழுப் படத்தை அச்சிடும் முன் முகத்தின் ஒரு துண்டை மட்டும் அதே தாளில் எடுத்துப் பாருங்கள், நிழல் பகுதி கட்டியாக இருந்தால் அங்கே கொஞ்சம் ஏற்றுங்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிற அமைப்பில் கொடுங்கள். பிரிண்ட் போடும் லேப் வேறு கேட்டால் மட்டும் மாற்றுங்கள்.

அளவு: ஏ3 தாளுக்கு 300 பிபிஐ என்றால் 3508-க்கு 4961 பிக்சல். இரண்டுக்கு மூன்று அடி பெரிய படம் தள்ளி நின்று பார்ப்பது, 150 பிபிஐ போதும், அதாவது 3600-க்கு 5400. தொடங்கும்போதே இந்த அளவில் தொடங்குங்கள், முடித்த பிறகு பெரிதாக்கினால் ஓரங்கள் குழையும். நிறமி மையில், பளபளப்பில்லாத தாளிலோ கேன்வாஸிலோ எடுத்தால் நெடுநாள் நிறம் நிற்கும்.

"எங்க மாட்டலாம்?"

நேர் வெயில் படாத சுவரில். விளக்குப் புகை நேராக ஏறும் இடம் வேண்டாம். அடைமழைக் காலத்தில் பழைய சுவர்கள் ஈரம் இழுக்கும், ஆகவே சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு மரத்துண்டு வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி விடுங்கள். வளவுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடியில் வானம்தான் தெரியும்.

"வரைஞ்ச படம் உங்களுக்குச் சொந்தமா, எங்களுக்கா? நாங்க இன்னும் நாலு காப்பி போட்டுக்கலாமா?"

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தன் கோரிக்கையின் பேரில் வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் அதே விதி. ஆகவே நீங்கள் பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தை அண்ணன் தம்பி எல்லோர் வீட்டுக்கும் ஒவ்வொன்று போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். வரைகிறவர் தன் வேலையின் மாதிரியாக அதை வெளியில் காட்ட விரும்பினால், அவர்தான் உங்களிடம் கேட்க வேண்டும். முன்பணம் கொடுக்கும்போதே இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோப்பை வாங்கும்போது முழு அளவில், சுருக்காமல் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பென்டிரைவில் ஒன்று, குடும்பத்தில் வெளியூரில் இருக்கும் யாரிடமாவது ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். அசல் போட்டோவின் ஸ்கேனையும் அதனோடேயே வையுங்கள். பின்புறம் பேனாவால் எழுதிய பெயரும் ஊரும் வருடமும் இருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.